ஊர் போனால் ஓய்வில்லை

இந்தியாவில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களுக்குத் தாயகப் பயணம் என்றால் பல் டாக்டர், பாங்க், லைசென்ஸ், பென்ஷன் ஆபீஸ் என்று அலைச்சல்தான். அலையத் தவறுகிறவர்கள் 65 வயதில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், தில்லி விமான நிலையத்தில் டோக்கியோ விமானத்துக்காக வரிசையில் நிற்கும் குடும்பங்களின் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெட்டிகள் பெரியவை, ஆனால் பஞ்சுபோல லேசானவை. சில பெட்டிகளுக்குள் இன்னொரு காலிப் பெட்டி. மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது அதே பெட்டிகள் அனுமதிக்கப்பட்ட எடையின் விளிம்பைத் தொட்டு நிற்கும். மிசோ, சோயா சாஸ், கறிக் குழம்புக் கட்டிகள், கடற்பாசித் தாள்கள், பிள்ளைகளுக்குப் புத்தகங்கள், ஆறு மாதத்துக்குத் தேவையான மருந்து மாத்திரைகள்.

இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வரும். அதற்குள் குடும்பப் பதிவேட்டின் நகல், பாங்க்கிலிருந்து வந்த கடிதம், பென்ஷன் அலுவலக ரசீது. உணவுப் பொட்டலங்களை ஒரே நாளில் வாங்கிவிடலாம். இந்தக் காகிதங்களைச் சேர்க்கத்தான் விடுமுறையில் பாதி போயிருக்கும்.

ஜப்பானியர்கள் இந்தப் பயணத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'இச்சிஜி கிகோகு'. தற்காலிகமாக நாடு திரும்புவது என்று பொருள். வெளிநாடுகளில் வாழும் சுமார் 13 லட்சம் ஜப்பானியர்களுக்கும் பழக்கமான சொல் இது. இவர்களில் இந்தியாவில் இருப்பவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அவர்களை இங்கே வரவழைத்திருக்கும் ஜப்பானியக் கம்பெனிகளின் எண்ணிக்கை சுமார் 1,400. 1983இல் மாருதியின் முதல் கார் வெளிவந்தபோது குர்காவ்னில் தொடங்கிய இந்த வரத்து, பின்னர் மானேசர், ராஜஸ்தானின் நீம்ரானா, பெங்களூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், குஜராத்தின் ஹன்சல்பூர் என்று பரவியது. தொழிற்சாலை நகரங்களில் ஜப்பானியச் சமையலறையும் பொதுக் குளியலறையும் கொண்ட ஹோட்டல்கள் முளைத்தது இவர்களை நம்பித்தான்.

இரண்டு வர்க்கங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லா ஜப்பானியர்களும் ஒன்றுதான். அவர்களுக்குள்ளோ பெரிய கோடு ஒன்று ஓடுகிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் 'சூசாய்இன்'. டோக்கியோவிலோ நகோயாவிலோ உள்ள தலைமையகம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அனுப்பி வைத்த ஊழியர். வீடு, கார், டிரைவர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊர் போய்வரும் டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் கம்பெனி கணக்கில். பல கம்பெனிகள் இந்தியச் சாலைகளில் அவர்கள் தாமே கார் ஓட்ட அனுமதிப்பதில்லை.

மறு பக்கம் 'கென்ச்சி சாய்யோ'. இங்கேயே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். மொழிபெயர்ப்பாளர், விற்பனை அதிகாரி, வாடிக்கையாளர் தொடர்பு என்று பலவகை வேலை. சம்பளம் ரூபாயில். இந்திய அரசு 2017இல் வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 16.25 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்ததால் பெரும்பாலோருக்கு அதற்குக் குறையாமல் கிடைக்கும். மற்ற சலுகைகள் கம்பெனியின் மனதைப் பொறுத்தவை. இந்தியரை மணந்து இங்கேயே குடும்பமாகிவிட்ட ஜப்பானியப் பெண்களும் நடைமுறையில் இந்தப் பக்கம்தான்.

பணியில் இருக்கும்வரை இந்தக் கோட்டின் வித்தியாசம் வீட்டு வாடகையிலும் விமான டிக்கெட்டிலும் தெரியும். வயதான பின் அது பென்ஷனில் தெரியும்.

மூன்று வார ஓட்டம்

ஊருக்குப் போவதே ஒரு கணக்கு. மே முதல் வாரத்தை ஒட்டிய தொடர் விடுமுறை, ஆகஸ்டில் முன்னோரை வழிபடும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களில் ஜப்பானே ஊர் போகிறது, டிக்கெட் விலை எகிறுகிறது. தில்லிக்காரர்களுக்கு நேரடி விமானம் உண்டு. சென்னைக்கும் டோக்கியோவின் நரிதாவுக்கும் இடையே 2019 அக்டோபரில் நேரடி விமானம் தொடங்கியபோது ஒரகடத்து ஜப்பானியர்கள் மகிழ்ந்தார்கள். சில மாதங்களிலேயே பெருந்தொற்று வந்து அதை நிறுத்திவிட்டது. சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் வழி சுற்றிப் போகும் பழைய பாதையே மீண்டும் கை கொடுத்தது.

போய் இறங்கியதும் முதல் நிறுத்தம் மருத்துவமனை. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியருக்கு, புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் கம்பெனி உடல் பரிசோதனை நடத்த வேண்டும் என்று ஜப்பானியச் சட்டம் சொல்கிறது. பல கம்பெனிகள் இடைப்பட்ட ஆண்டுகளிலும் விடுமுறையோடு பரிசோதனையைச் சேர்த்து வைக்கின்றன. மஞ்சள் காமாலை, டைபாய்டு, வெறிநாய்க்கடி தடுப்பூசிகளில் பாக்கி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பல் டாக்டர். இங்கேதான் கோடு மறுபடி தெரிகிறது. கம்பெனி அனுப்பியவருக்கு ஜப்பானிய மருத்துவக் காப்பீடு தொடர்வதால், கட்டணத்தில் 30 சதவீதம் கட்டினால் போதும். இங்கே வேலைக்குச் சேர்ந்தவர் முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஒரு பல்லைச் சரிசெய்ய வாரம் ஒருமுறை வரச்சொல்லும் டாக்டரிடம், தன் விடுமுறையே மூன்று வாரம்தான் என்று இருவருமே கெஞ்ச வேண்டும்.

பிறகு டிரைவிங் லைசென்ஸ். பிறந்த நாளையொட்டிய குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வரும்போது முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. காலாவதியாகிவிட்டாலும், மூன்று ஆண்டுகளுக்குள், அதுவும் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இல்லை. அந்த ஒரு மாதத்தை நழுவ விட்டால் சலுகையும் போய்விடும்.

பிள்ளைகளுக்கு வேறு வேலை. தில்லியிலும் மும்பையிலும் முழுநேர ஜப்பானியப் பள்ளிகள் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் வாரநாட்களில் சர்வதேசப் பள்ளிக்குப் போய்விட்டு, ஜப்பானிய மொழிக்கும் கணக்குக்கும் துணைப் பள்ளியை நம்பியிருக்கிறார்கள். சர்வதேசப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமே விடுமுறை. ஜப்பானில் ஜூலை 20 வாக்கில்தான் பள்ளி மூடும். இந்த இடைவெளியில் பல தாய்மார்கள் பிள்ளைகளைப் பாட்டி ஊர்ப் பள்ளியில் சில வாரங்கள் உட்கார வைக்கிறார்கள். வகுப்பறையைத் தாமே துடைப்பது, மதிய உணவைத் தாமே பரிமாறுவது எல்லாம் இந்தச் சில வாரங்களில்தான் கற்றாக வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு ஜப்பானியப் பள்ளிகள் முடிந்துவிடுவதால் அதற்குப் பிறகு தாயும் பிள்ளைகளும் ஊர் திரும்ப, தந்தை மட்டும் குர்காவ்ன் அடுக்குமாடியில் தனியே தங்குவதும் சகஜம்.

ஓர் ஆண்டு முழுவதும் ஊர் போக முடியாதவர்களுக்கு ஒரு குட்டி மாற்று உண்டு. அதன் பெயர் 'கைதாஷி'. பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ போய் ஜப்பானிய மளிகை, மீன், இறைச்சி என்று வாங்கி, குளிர்ப்பெட்டியில் அடைத்துக்கொண்டு திரும்பும் பயணம். இந்தியாவைக் கடினமான பணியிடமாகக் கருதும் பல கம்பெனிகள் இதற்கும் செலவு தருகின்றன.

முகவரி இல்லாத குடிமகன்

அலைச்சலுக்கெல்லாம் மூல காரணம் ஒரு காகிதம். ஜப்பானில் ஒவ்வொருவரும் தாம் வசிக்கும் நகராட்சியில் குடியிருப்புப் பதிவு வைத்திருக்க வேண்டும். 'ஜூமின்ஹ்யோ' என்பது அதன் பெயர். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், இருப்பிடச் சான்று மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேல் வெளிநாடு போகிறவர் நகராட்சியில் சொல்லிவிட்டு இதிலிருந்து பெயரை நீக்க வேண்டும்.

நீக்குவதில் லாபம் உண்டு. உள்ளூர் வரி, ஜனவரி 1ஆம் தேதி யார் பதிவேட்டில் இருக்கிறார்களோ அவர்களுக்கே விதிக்கப்படுகிறது. எனவே டிசம்பரில் கிளம்புகிறவருக்கு அடுத்த ஆண்டின் வரி மிச்சம். ஆனால் பெயர் போனதும் தேசிய மருத்துவக் காப்பீடு போகிறது. பதிவு செய்த முத்திரை போகிறது. ஜப்பானில் பத்திரங்களுக்குக் கையெழுத்தைவிட இந்த முத்திரைதான் முக்கியம். பல பாங்க்குகள் வெளிநாட்டில் வசிப்பவரின் கணக்கைத் தொடர விடுவதில்லை. விடுகிற பாங்க்குகளிலும் ஜப்பானிய மொபைல் எண்ணுக்கு வரும் ரகசிய எண் இல்லாமல் இணையத்தில் பணம் அனுப்ப முடியாது. இதற்காகவே ஊரில் ஒரு மலிவு மொபைல் இணைப்பை மாதா மாதம் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருப்பவர்கள் உண்டு.

பதிவேட்டில் பெயர் இல்லாததன் கசப்பு 2020இல் பளிச்செனத் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஜப்பானிய அரசு தலைக்கு 1 லட்சம் யென் வழங்கியது. தகுதி: 2020 ஏப்ரல் 27 அன்று குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருக்கும் பணம் கிடைத்தது. வெளிநாட்டில் வாழும் ஜப்பானியருக்குக் கிடைக்கவில்லை.

வாக்குரிமையும் போராடி வந்ததுதான். வெளிநாட்டு ஜப்பானியர்கள் 2000ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அதுவும் கட்சிப் பட்டியலுக்கு மட்டும். தொகுதி வேட்பாளருக்கு வாக்களிக்க விடாதது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2005 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகே அந்தத் தடை நீங்கியது.

நாற்பதில் ஒரு பங்கு

எல்லாவற்றையும்விட நீளமாக நிழல் விழுவது பென்ஷனில்தான். ஜப்பானியப் பென்ஷன் இரண்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளம் எல்லோருக்கும் பொதுவான தேசிய பென்ஷன். 20 வயதிலிருந்து 60 வரை 40 ஆண்டுகள் கட்டினால் 65இல் முழுத் தொகை. மேல்தளம் சம்பளக்காரர்களுக்கானது. சம்பளத்தில் 18.3 சதவீதத்தைக் கம்பெனியும் ஊழியரும் பாதிப் பாதியாகக் கட்டுகிறார்கள்.

கம்பெனி அனுப்பிய ஊழியருக்கு இரு தளங்களும் அப்படியே தொடர்கின்றன. உடன் வந்த மனைவிக்குக்கூட, கணவரைச் சார்ந்தவர் என்ற முறையில், பணம் கட்டாமலே கீழ்த்தளம் சேர்ந்துகொண்டிருக்கும். இங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு இரண்டும் நின்றுவிடுகின்றன. அவர் விரும்பினால் கீழ்த்தளத்தில் மட்டும் தாமாக முன்வந்து பணம் கட்டலாம். கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போடுவதன் விலையைக் கணக்கிடுவது எளிது. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் மாதச் சந்தா 17,510 யென். முழுப் பென்ஷன் மாதம் 69,308 யென். 30 வயதில் இந்தியா வந்து 45 வரை எதுவும் கட்டாத ஒருவர், மற்ற 25 ஆண்டுகளும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், அவருக்குக் கிடைப்பது சுமார் 43,300 யென். ஒவ்வொரு மாதமும் 26,000 யென், ரூபாயில் சுமார் 15,000, ஆயுள் முழுக்கக் குறைவு. மாறாக, ஓராண்டுச் சந்தாவாக அவர் கட்டும் 2.1 லட்சம் யென்னுக்குப் பென்ஷனில் ஆண்டுக்குச் சுமார் 20,800 யென் கூடும். 65க்குப் பிறகு பத்தாண்டு உயிரோடு இருந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன நாட்டினருக்கு இது மோசமான பேரம் இல்லை. மாதம் 400 யென் கூடுதலாகக் கட்டும் திட்டம் இன்னும் லாபம். அதில் போட்ட பணம் இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதே இல்லை. கட்டாமல் வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளை ஜப்பான் 'வெற்றுக் காலம்' என்று கணக்கில் வைக்கிறது. பென்ஷனுக்குத் தகுதி பெற அந்த ஆண்டுகள் உதவும், தொகையை ஒரு யென்கூடக் கூட்டாது. தகுதிக்கான குறைந்தபட்சக் காலம் முன்பு 25 ஆண்டுகள். 2017 ஆகஸ்டிலிருந்து அது 10 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டதால் முதுமைப் பென்ஷன் அடியோடு பறிபோவது அரிது. ஆனால் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு இந்த வெற்றுக் காலம் உதவாது. 35 வயதில் சந்தா கட்டாத நிலையில் ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கி, அந்தச் சமயத்தில் இங்கே முதல் சிகிச்சை பெற்று, நிரந்தர ஊனமானவருக்கு அந்தப் பென்ஷன் கிடையாது. மாதம் 17,510 யென்னை மிச்சப்படுத்தியதற்கு இதைவிடப் பெரிய அபராதம் இருக்க முடியாது.

தாமாக முன்வந்து சேருவது விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. விட்டுப்போன ஆண்டுகளுக்குப் பின்தேதியிட்டுச் சேர முடியாது. பணம் கட்ட ஜப்பானிய பாங்க் கணக்கு வேண்டும், அல்லது ஊரில் ஓர் உறவினர் கட்ட வேண்டும். கணக்கை மூடிவிட்டுப் பெற்றோரையும் இழந்தவர் இந்த இடத்தில்தான் திணறுகிறார். 60க்குப் பிறகும் 40 ஆண்டு நிறையாதவர்கள் 65 வரை கட்டலாம் என்பது கடைசி ஆறுதல். ஐந்து ஆண்டு ஓட்டையை அதில் அடைத்துவிடலாம். பதினைந்து ஆண்டு ஓட்டையை அடைக்க முடியாது.

பி.எஃப். பூட்டு

கம்பெனி அனுப்பியவர்களுக்கும் ஒரு காலத்தில் தலைவலி இருந்தது, இந்தியப் பக்கத்திலிருந்து. 2008 அக்டோபரில் மத்திய அரசு, இந்தியாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் வருங்கால வைப்பு நிதியில் சேர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. உள்ளூர் ஊழியருக்குள்ள சம்பள உச்சவரம்பு அவர்களுக்கு இல்லை. முழுச் சம்பளத்திலும் 12 சதவீதம் பிடித்தம், அதே அளவு கம்பெனியின் பங்கு. ஜப்பானில் பென்ஷன் சந்தா, இந்தியாவில் பி.எஃப். என்று ஒரே ஆளுக்கு இரட்டைச் செலவு. 2010இல் வந்த திருத்தமோ, ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் ஊழியர் 58 வயது வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாதபடி செய்தது. மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவரின் பணம் இருபது ஆண்டு இங்கே பூட்டிக் கிடக்கும்.

பூட்டைத் திறந்தது சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். இந்தியாவும் ஜப்பானும் 2012 நவம்பரில் கையெழுத்திட்ட இது, நான்கு ஆண்டு கழித்து 2016 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அனுப்பப்பட்ட ஊழியர் ஐந்து ஆண்டு வரை சொந்த நாட்டில் மட்டும் கட்டினால் போதும், ஜப்பானியப் பென்ஷன் அமைப்பு தரும் ஒரு சான்றிதழைக் காட்டினால் இங்கே பி.எஃப். பிடித்தம் இல்லை. முன்பு கட்டியவர்களும் வேலை முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். தகுதிக்காக இரு நாட்டுச் சந்தாக் காலங்களைக் கூட்டிக்கொள்ளவும் ஒப்பந்தம் வழி செய்கிறது.

இது இருவழிப் பாதை. டோக்கியோவின் நிஷி கசாயில் குடியிருக்கும் தமிழ், தெலுங்கு கம்ப்யூட்டர் பொறியாளர்களுக்கும் இதே ஒப்பந்தம் பொருந்தும். ஜப்பானியக் கம்பெனியில் நேரடியாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் இந்தியர், கட்டிய சந்தாவில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். வெளியேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை வாங்கியவுடன் அத்தனை ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பின்னாளில் பென்ஷனுக்காகக் கூட்ட எதுவும் மிஞ்சாது. பத்தாண்டை நெருங்கியவர்கள் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

அம்மாவின் வீடு

ஐம்பதைத் தாண்டியவர்களின் பயணங்கள் வேறு மாதிரி. பாங்க்கும் லைசென்ஸும் பின்னுக்குப் போய், முதிய பெற்றோர் முன்னுக்கு வருகிறார்கள். மரணச் செய்தி வந்து ஓடினால் துக்கத்தோடு காகிதங்களும் காத்திருக்கும். சொத்தைப் பிரிக்கும் பத்திரத்தில் எல்லா வாரிசுகளின் பதிவு முத்திரையும் வேண்டும். குடியிருப்புப் பதிவில்லாதவருக்கு அந்த முத்திரை கிடையாதே! அதற்குப் பதில் இந்தியாவில் உள்ள தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று வாங்க வேண்டும். ஹன்சல்பூர் தொழிற்சாலைக்காரர் இதற்கு மும்பை வர வேண்டும்.

முன்பெல்லாம் கிராமத்து வீட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இதற்கு முடிவு கட்ட, 2024 ஏப்ரல் முதல் வாரிசாக வந்த நிலம், வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் பெயர் மாற்றிப் பதிவு செய்வது கட்டாயமாகிவிட்டது. நியாயமான காரணமின்றித் தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

இந்தியரை மணந்தவர்களுக்குப் பிள்ளையின் குடியுரிமை வேறொரு கெடு. வெளிநாட்டில் பிறந்து அந்நியக் குடியுரிமையும் பெறும் குழந்தைக்கு, மூன்று மாதத்துக்குள் ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைக்கும் அறிவிப்பைத் தர வேண்டும். தவறினால் பிறந்த நாளிலிருந்தே அது ஜப்பானியர் அல்ல. பிரசவக் களைப்பில் ஒரு தாய் மறந்துபோனால், 18 வயதுக்குள் ஜப்பானில் போய்க் குடியிருந்தால்தான் அதை மீட்க முடியும். தாய் தானே இந்தியக் குடியுரிமை பெற்றால் ஜப்பானியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை இரு நாடுகளும் ஏற்பதில்லை. அதனால்தான் பலர் ஓ.சி.ஐ. அட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது இந்தியாவில் காலவரையின்றி வாழும் உரிமை தரும், பாஸ்போர்ட் ஜப்பானுடையதாகவே இருக்கும்.

இவர்களில் சிலர் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இங்கேயே இருப்பவர்கள். பேரன் பேத்திகள் எடுத்தவர்கள், கணவரை இழந்தவர்கள். பெட்டியில் மிசோ கொண்டுவரும் வயது தாண்டியவர்கள். ஆனாலும் தாயகம் அவர்களை ஆண்டுக்கொரு முறை தேடி வருகிறது. பிறந்த மாதம் நெருங்கும்போது பென்ஷன் அமைப்பிடமிருந்து ஒரு படிவம் வரும். இந்திய ஓய்வூதியர்கள் நவம்பரில் தரும் அதே உயிர்வாழ் சான்றுதான். தூதரகத்தில் இலவசமாக இருப்பிடச் சான்று வாங்கி இணைத்து, பிறந்த மாதம் முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். தபால் தாமதமானால் பென்ஷன் நிற்கும்.

இளம் வயதில் மாதா மாதம் சந்தா கட்டி வைத்தவர்களுக்கு இந்தப் படிவம் ஒரு பிறந்த நாள் வாழ்த்து. கட்டாமல் விட்டவர்களுக்கும் அது வரும், நிரப்ப வேண்டிய கட்டங்களும் அதேதான். கணக்கில் விழும் தொகைதான் வேறு.